உலையும் உண்மையும்

(மயிலை மாங்கொல்லைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத தோழர்களின் வேண்டுகோளுக்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



இந்த மாங்கொல்லை எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறது. விலைவாசி பற்றி இங்கே பேசியிருக்கிறோம். மொழி பற்றிப் பேசியிருக்கிறோம். தேர்தல் காலத்தில் தொண்டை வறளப் பேசியிருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அணுஉலை.

“அணுஉலை பற்றி விஞ்ஞானம் கற்றவர்கள் அல்லவா பேசவேண்டும்? அரசியல் மேடைக்கு அங்கே என்ன வேலை?” என்று கேட்பார்கள். கேட்கட்டும்! கேட்கவேண்டிய கேள்விதான் அது. விடையும் என்னிடம் இருக்கிறது.

உலைக்குள்ளே நடப்பது விஞ்ஞானம். அந்த உலையை எந்த ஊரில் வைப்பது, யார் நடத்துவது, நடத்துகிறவரை யார் கண்காணிப்பது, தவறு நேர்ந்தால் ஊராருக்கு எப்போது சொல்வது, இழப்பீட்டை யார் தருவது — இவை அனைத்தும் அரசியல். முதலாவதை விஞ்ஞானிகளிடம் விட்டுவிடுவோம். மற்றவற்றைப் பற்றிப் பேச மக்களுக்கு உரிமை உண்டு. அரசியல் கட்சிகளுக்குக் கடமையே உண்டு.

கல்பாக்கம் எங்கே, மயிலை எங்கே?

“கல்பாக்கம் எங்கோ இருக்கிறது, மயிலாப்பூர்க்காரனுக்கு என்ன கவலை?” என்று நினைக்கும் நண்பர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறேன்.

நிலப்படத்தை விரித்து வைத்து, கல்பாக்கத்திலிருந்து வடக்கே ஒரு நேர்க்கோடு இழுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் அடையாறு வந்துவிடும். இன்னும் மூன்று நான்கு கிலோமீட்டர் சென்றால் மயிலைக் குளம். கோட்டைச் சற்று மேற்கே சாய்த்தால் தியாகராய நகர்ப் பனகல் பூங்கா.

இப்போது உலகத்தின் கணக்கைப் பாருங்கள். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் நான்காவது உலை வெடித்தது. 30 கிலோமீட்டர் சுற்றளவில் இருந்த மக்களை வெளியேற்றினார்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில், ஃபுகுஷிமாவில் விபத்து நேர்ந்தது. முதலில் 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். ஆனால் காற்று, அதிகாரிகள் வரைந்த வட்டத்தை மதிக்கவில்லை! வடமேற்கே வீசிற்று, மழையும் பனியும் சேர்ந்துகொண்டன, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்த இடாட்டே என்னும் கிராமத்தின்மீது கதிரியக்கம் படிந்தது. வட்டத்துக்கு வெளியே இருக்கிறோம் என்று நம்பியிருந்த அந்த உழவர்களை, ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு, வீட்டையும் வயலையும் மாட்டையும் விட்டு வெளியேறச் சொன்னார்கள். அமெரிக்க அரசோ, விபத்து நடந்த சில நாட்களிலேயே, 80 கிலோமீட்டருக்குள் இருக்கும் தன் குடிமக்கள் அகன்றுவிடுவது நலம் என்று அறிவுறுத்திற்று.

20, 30, 40, 80! கல்பாக்கத்தைச் சுற்றி அவசரகாலத் திட்டத்துக்கென வகுக்கப்பட்ட வட்டம் 16 கிலோமீட்டர். நாம் இருப்பது 50 கிலோமீட்டரில். கவலைப்பட நமக்கும் இடம் உண்டா இல்லையா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

அச்சமூட்ட வரவில்லை

தோழர்களே! உங்களை அச்சுறுத்தி, வீட்டுக்குப் போய்த் தூங்கவிடாமல் செய்வது என் நோக்கமன்று. செர்னோபில் உலை வேறு வகை. கல்பாக்கம் உலைகள் வேறு வகை. செர்னோபிலில் பெரும் கரிப்பாளங்கள் இருந்தன. தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தன. நம்முடையவை கனநீர் உலைகள். ஒவ்வொன்றும் 220 மெகாவாட் திறனுடையது. ஃபுகுஷிமா உலைகளைவிடச் சிறியவை. அங்கே நடந்தது அப்படியே இங்கே நடக்கும் என்று சொல்பவன் அரைகுறை. அங்கே நடந்ததிலிருந்து நாம் கற்க எதுவுமே இல்லை என்று சொல்பவன் அவனைவிட ஆபத்தானவன்!

ஃபுகுஷிமாவில் நடந்தது என்ன? நிலம் நடுங்கியதும், அப்போது ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன. இயந்திரம் தன் கடமையைச் செய்தது. ஆனால், அணுஉலையை நிறுத்துவது வேறு, அதைக் குளிர்விப்பது வேறு. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதல்லவா? தோசைக்கல்லாவது நேரம் போனால் ஆறிவிடும். அணு எரிபொருளோ, உலை நின்ற பிறகும், தன்னுள்ளே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நாள் கணக்கில், மாதக் கணக்கில், அதன்மேல் நீர் ஓடியபடி இருக்கவேண்டும். நீர் ஓட மின்சாரம் வேண்டும். நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் அறுந்தது. டீசல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் கடல் பொங்கி வந்து, அந்த டீசல் இயந்திரங்களையும் மூழ்கடித்தது. அவற்றை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? பெரும்பாலானவற்றைக் கட்டடத்தின் அடித்தளத்தில்! நீர் நின்றது, எரிபொருள் உருகிற்று, மூன்று உலைகள் பாழாயின. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஊரைத் துறந்து அகதிகளாயினர்.

“கடல் இப்படிப் பொங்கும் என்று யார் கண்டார்கள்?” என்று கேட்கலாம். கண்டார்கள், தோழர்களே, கண்டார்கள்! அந்த நிலையம் 5.7 மீட்டர் அலையைத் தாங்கும்படி வகுக்கப்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டிலேயே, அந்த மின் நிறுவனத்துக்குள் போட்டுப் பார்த்த கணக்கு, 15 மீட்டருக்கும் உயரமான அலை வரக்கூடும் என்று காட்டிற்று. கணக்கு கோப்பில் உறங்கியது, சுவர் உயரவில்லை, மூன்றாம் ஆண்டில் அலை வந்தது. பின்னர் ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, 2012 ஜூலையில் தன் அறிக்கையைத் தந்தது. இயற்கையின்மேல் பழி போடவில்லை அந்தக் குழு. இது மனிதர் விளைத்த கேடு என்றது. உலையை நடத்துபவரும், அதை மேற்பார்க்க வேண்டியவரும், அவர்களுக்கு மேலிருந்த அரசும் கைகோத்துக்கொண்டதன் விளைவு என்றது.

எல்லாரும் கெட்டிக்காரர்கள், எல்லாரும் படித்தவர்கள், ஆனால் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர் கேட்கவில்லை. இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஜப்பான் தொலைவு. நம் கடற்கரைக்கே வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்துக்காரர்கள் இங்கே வந்திருப்பீர்கள். ஊரூர்க் குப்பத்துத் தோழர்கள் வந்திருப்பீர்கள். அந்தக் காலையை உங்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. உங்கள் குடிசைகளை வாரிக்கொண்டு போன அதே ஆழிப்பேரலைதான் கல்பாக்கத்துக்குள்ளும் நுழைந்தது.

முதல் உலை, பழுதுபார்ப்புக்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் இறைக்கும் நிலையத்தில் வெள்ளம் புகுந்தது, உலையை நிறுத்தினார்கள், பத்திரமாகக் குளிர்வித்தார்கள், கதிரியக்கக் கசிவு இல்லை, ஜனவரி முதல் வாரத்தில் மீண்டும் ஓடிற்று. அன்று பணியிலிருந்த பொறியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இந்த மேடையிலிருந்து தலைவணங்குகிறேன். புயலலையைக் கணக்கிட்டு, நிலையத்தை உயர்த்திக் கட்டியவர்களின் முன்யோசனைக்கும் நன்றி செலுத்துவோம்.

அதே வேளையில், பக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலைக்காகத் தோண்டப்பட்டிருந்த அடித்தளப் பள்ளம் கடல்நீரில் மூழ்கிற்று. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் பறிபோயின. உலை தப்பிற்று என்பது மெய். எதிர்பாராதது நம் கடலிலும் வரும் என்பதும் மெய்தான். ஒரு மெய்யைச் சொல்லி மற்றொரு மெய்யை மறைப்பது நேர்மையாகுமா?

ஆறு தொழிலாளர்கள்

இன்னும் ஏறத்தாழ இரண்டாண்டு பின்னே செல்லுங்கள். 2003 ஜனவரி 21. அதே கல்பாக்கத்தில், பயன்படுத்திய எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலை. குறைந்த கதிரியக்கமுள்ள கழிவு என்று நினைத்து, ஒரு தொட்டியிலிருந்து மாதிரி எடுத்தார்கள். இடையிலிருந்த வால்வு ஒன்று பழுதுபட்டிருந்தது; கடுமையான கதிரியக்கமுள்ள கழிவு அந்தத் தொட்டிக்குள் கலந்திருந்தது. அதை அறிவித்து அலற வேண்டிய கருவி அந்த இடத்தில் இல்லை! ஆறு தொழிலாளர்கள், ஓராண்டுக்கு அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் பல மடங்கு கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

பகைவன் குண்டு போடவில்லை, பூகம்பம் வரவில்லை, ஒரு வால்வு, ஒரு கருவி இல்லாமை. அவ்வளவுதான். ஊழியர் சங்கம் பாதுகாப்புக் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தது. ஆனால் வெளியுலகம் எப்போது அறிந்தது? பல மாதங்கள் கழிந்து, செய்தி பத்திரிகைகளுக்கு எட்டிய பிறகு! அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் பொறுப்பிலிருந்தவர்கள் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார்கள்.

தேர்வெழுதியவனே தாளைத் திருத்துவதா?

“கண்காணிக்க ஒரு வாரியம் இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், 1983 நவம்பரில் நிறுவப்பட்டது. ஆனால், நான் சொன்ன அந்த ஆலை பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. அம்மையத்தின் ஆலைகளை மேற்பார்க்கும் பொறுப்பு, 2000ஆம் ஆண்டில் வாரியத்திடமிருந்து எடுக்கப்பட்டு, மையத்தின் உள்குழுவிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. தேர்வெழுதிய மாணவன் கையிலேயே தாளைக் கொடுத்து, “நீயே திருத்தி மதிப்பெண் போட்டுக்கொள்” என்பதைப்போல!

மற்ற உலைகளுக்காவது வாரியம் சுதந்திரமாக இருந்ததா? 2012 ஆகஸ்டில், மத்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. எதிர்க்கட்சி எழுதிய அறிக்கையன்று. அரசியல் சட்டம் படைத்த அதிகாரி எழுதியது. வாரியத்துக்குச் சட்டப்படியான தனி அதிகாரம் இல்லை என்றார்; விதிகளை மீறியவர்க்கு விதிக்கக்கூடிய தண்டத்தொகை 500 ரூபாய் என்று எடுத்துக்காட்டினார். ஐந்நூறு ரூபாய்! பனகல் பூங்கா அருகே வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியவனே அதற்கு அஞ்சமாட்டானே, அணுஉலை நடத்தும் நிறுவனமா அஞ்சும்?

தனி அதிகாரம் தருவதாகச் சொல்லி, 2011 செப்டம்பரில் ஒரு மசோதா வந்தது. 2014இல் மக்களவை கலைந்தது, மசோதாவும் காலாவதியாயிற்று. பின்னர் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றிற்று. வாரியத்துக்குச் சட்டத் தகுதி அதில் தரப்பட்டது. நல்லது, வரவேற்போம். ஆனால் அதே சட்டம், தனியார் நிறுவனங்களுக்கும் அணுமின் துறையின் கதவைத் திறந்துவிட்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில், குறையுள்ள பொருளை விற்ற நிறுவனத்திடமிருந்து இழப்பீட்டைத் திரும்பக் கோர ஒரு பிரிவு இருந்தது. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை.

போபாலை மறந்துவிட்டோமா, தோழர்களே? 1984 டிசம்பர் இரவில் நச்சுக்காற்று; ஆயிரக்கணக்கான பிணங்கள். 47 கோடி டாலரோடு 1989இல் கணக்கு முடிக்கப்பட்டது. கீழ்நீதிமன்றத் தீர்ப்பு வர 2010 ஆயிற்று. அந்த அனுபவத்தின் வலியிலிருந்துதான் அப்பிரிவு பிறந்தது. விற்றவனுக்குப் பொறுப்பில்லை என்றால், இலாபம் அவனுக்கு, இடர் நமக்கு என்பதுதானே பொருள்?

கூடங்குளம் கற்பித்தது

ஃபுகுஷிமாவுக்குப் பின் தமிழகம் எழுந்து நின்று கேள்வி கேட்டது. 2011இல் இடிந்தகரை மீனவப் பெண்கள் மாதாகோயில் பந்தலில் அமர்ந்து கேட்டார்கள். அவர்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்தும்படி, அவ்வாண்டு செப்டம்பரில் மாநில அமைச்சரவையே தீர்மானம் போட்டது. 2012 மார்ச்சில் அதே அமைச்சரவை அனுமதி தந்தது. இடைப்பட்ட ஆறு மாதத்தில் வல்லுநர் குழுக்கள் வந்தன, அறிக்கைகள் வந்தன. அப்துல் கலாம் அவர்கள் நேரில் சென்று பார்த்து, உலை பாதுகாப்பானது என்றார். அவருடைய அறிவையோ தூய்மையையோ ஐயுறுபவர் யார்? ஆனால், பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதும், ஆவணத்தை ஊரார் முன் வைப்பதும் ஒன்றாகுமா? அந்த உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டவர்கள், மத்தியத் தகவல் ஆணையம்வரை செல்ல நேர்ந்தது. தரவேண்டும் என்று ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவிட வேண்டியிருந்தது!

கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோக வழக்கு. அந்நியப் பணம் என்ற அவதூறு. இங்கே சென்னையில், பூவுலகின் நண்பர்கள் அமைப்பினர் உயர்நீதிமன்றப் படியேறினர். வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. 2013 மே 6 அன்று, உலை இயங்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில் 15 கட்டளைகளும் வந்தன. போராடியவர்கள்மீது போட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வழக்கில் தோற்றார்கள், எனினும், அவர்கள் கேட்டிராவிட்டால் அந்த 15 கட்டளைகள் பிறந்திருக்குமா?

பிறகும் பழக்கம் மாறவில்லை. 2019 அக்டோபரில், கூடங்குளத்தின் கணினியில் நச்சுநிரல் புகுந்ததாகச் செய்தி பரவிற்று. 29ஆம் தேதி, “தாக்குதலுக்கு இடமே இல்லை” என்ற பொருளில் நிலையம் அறிக்கை விட்டது. 30ஆம் தேதி, நிர்வாகப் பணிக் கணினி ஒன்றில் அது புகுந்தது உண்மையே, உலையை இயக்கும் கட்டமைப்பு பாதிக்கப்படவில்லை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலை பாதிக்கப்படவில்லை, மகிழ்ச்சி. ஆனால் ஒரே இரவில் நம்பிக்கை பாதிக்கப்பட்டதே, அதைப் பழுதுபார்ப்பவர் யார்?

மின்சாரம் வேண்டாமா?

“உங்கள் ஒலிபெருக்கிக்கே மின்சாரம் வேண்டுமே!” என்று ஏளனம் செய்வார்கள். வேண்டும்தான். ரங்கநாதன் தெரு விளக்குகளுக்கும் வேண்டும். அடையாற்று மருத்துவமனைகளுக்கும் வேண்டும். நிலக்கரி மட்டும் தூயதா? எண்ணூரின் சாம்பலை வடசென்னை மக்கள் அறிவார்கள். வேண்டும், வேண்டாம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், எதற்கு என்ன விலை, அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளவேண்டும். வெளிச்சம் தியாகராய நகருக்கு. அச்சம் சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்துக்கு என்றால், அந்த அச்சத்துக்கு விடை சொல்லும் கடமை வெளிச்சத்தை அனுபவிக்கும் நமக்கும் உண்டு.

ஆகவே, நாம் கேட்பது நான்கே.

ஒன்று: உலையை நடத்துபவரிடமிருந்தும், அவரை ஆளும் துறையிடமிருந்தும் விலகி நிற்கும் கண்காணிப்பு, சட்டத்தில் மட்டுமல்ல, நடைமுறையிலும்.

இரண்டு: பாதுகாப்பு அறிக்கைகளும், சிறு விபத்தானாலும் அதன் விவரமும், உரிய நேரத்தில், தமிழில், மக்கள் கைக்கு வரவேண்டும்.

மூன்று: ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, உலைக்குள் உழைக்கும் ஒவ்வொருவரும் தாம் ஏற்ற கதிர்வீச்சின் அளவை எழுத்தில் பெறவேண்டும்.

நான்கு: கேடு நேர்ந்தால் பொருள் விற்றவனும் பொறுப்பாளியே என்ற நியதி திரும்பவேண்டும்.

இவற்றுள் எது விஞ்ஞானத்துக்கு விரோதம்? எது தேசத்துக்குத் துரோகம்? “கேள்வி கேட்காதே, நம்பு” என்பது விஞ்ஞானத்தின் மொழியன்று. ஐயுற்று, சோதித்து, தவறென்றால் திருத்திக்கொள்வதால்தான் அது விஞ்ஞானம்.

தோழர்களே! செர்னோபில் வெடித்தபின், பக்கத்திலிருந்த பிரிப்பியாத் நகரத்தில் மறுநாள் மக்கள் கடைக்குப் போனார்கள். குழந்தைகள் தெருவில் விளையாடின. ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்துத்தான் பேருந்துகள் வந்தன. உலகத்துக்குச் சோவியத் அரசு சொல்லுமுன்னே, சுவீடன் நாட்டு அணுமின் நிலையத்தின் கருவிகள் சொல்லிவிட்டன. அந்தக் குழந்தைகள் தெருவில் நின்ற அத்தனை மணி நேரமும் உண்மை ஓர் அலுவலக அறைக்குள் பூட்டிக் கிடந்தது. உலைக்குச் சுவர் வேண்டும். அது கெட்டியாக இருக்கட்டும். உண்மைக்குச் சுவர் வேண்டாம்.

நாளை காலை தேநீர்க் கடையில், நியாய விலைக் கடை வரிசையில், இந்த நான்கையும் நான்கு பேரிடம் சொல்லுங்கள். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, “கல்பாக்கத்தில் ஒரு விபத்து என்றால், இந்த வட்டத்து மக்களுக்கு யார், எத்தனை மணிக்குச் சொல்வார்கள்?” என்று கேளுங்கள். விடை வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால், அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள்.